‘62 பொருள்’ செய்முறைப் பெட்டி: ஒரு நாள் பாடவேளையில் எது தேறியது, எது தேறவில்லை

குமரி மாவட்டக் களியக்காவிளையிலும் கேரள எல்லை தாண்டிப் பாறசாலையிலும், பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் ஸ்டேஷனரி கடை வாசலில் அடுக்கி வைத்து விற்கும் பெட்டிகளில் இதுவும் ஒன்று. அட்டையில் தயாரித்தவர் பெயர் கிடையாது. ‘அம்பாலா’ என்று ஊர்ப் பெயர் மட்டும் இருக்கிறது. அரியானாவின் அம்பாலா பள்ளி ஆய்வகச் சாமான்களுக்குப் பேர்போன ஊர். அங்கே நல்ல சரக்கும் உண்டு, மட்டச் சரக்கும் உண்டு என்பதால், ஊர்ப் பெயரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. விலை 1,850 ரூபாய். ‘9, 10 வகுப்பு கணிதம், அறிவியல், 62 பொருட்கள், கேரளா, தமிழ்நாடு இரண்டுக்கும் ஏற்றது’ என்று மூன்று வரி விளம்பரம்.

முதலில் அந்த 62. ஜெம் கிளிப் பத்து, குண்டூசி பத்து, ரப்பர் பேண்ட் ஆறு: இவை ஒவ்வொன்றும் தனிப் பொருளாக எண்ணிக்கையில் சேர்ந்திருக்கின்றன. இந்த 26 போக 36 மிஞ்சும். அதில் 8 சோதனைக்குழாய். எண்ணிக்கையைப் பார்த்து வாங்குகிறவர் ஏமாறுவது இங்கேதான். பெட்டிக்குள் எத்தனை இருக்கிறது என்பதில் ஒன்றுமில்லை. 45 நிமிடப் பாடவேளைக்குள் சோதனை முடிந்து, விடை சரியாக வருகிறதா என்பதே கேள்வி. அதற்காகப் பத்தாம் வகுப்பில் ஒரு நாள் முழுக்க, கணக்கில் தொடங்கி மைதானம் வரை, இந்தப் பெட்டியை மட்டுமே வைத்து வகுப்பை ஓட்டிப் பார்த்ததன் கணக்கு இது.

இரண்டு மாநிலத்துக்கும் ஏற்றது என்பது பாதி உண்மை. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பில் அறிவியல் ஒரே பாடம். எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25. செய்முறைப் பட்டியலும் திட்டவட்டமானது: திருப்புத்திறன் தத்துவத்தால் எடை காணல், குவிலென்சின் குவியத் தொலைவு, மின்தடை எண், உப்பு கரையும்போது வெப்பம் உமிழ்கிறதா கொள்கிறதா, கரைதிறன், நீரேறிய உப்பு, அமிலமா காரமா, பிறகு உயிரியல். கேரளத்தில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் தனித்தனிப் பாடம், தனித்தனித் தேர்வு. அங்கே வகுப்பறையில் லேப்டாப்பும் புரொஜெக்டரும் வைத்து ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் காட்டிவிட்டுப் போகும் பழக்கமும் வேரூன்றிவிட்டது. இந்தப் பெட்டியின் அடுக்கும் வழிகாட்டிப் புத்தகமும் அந்தப் பக்கத்தை நினைத்தே செய்தவை. தமிழ்நாட்டுப் பட்டியலை அப்புறம் ஒட்டியிருக்கிறார்கள்.

ஒட்டிய தடம் புத்தகத்தின் தமிழில் பச்சையாகத் தெரிகிறது. கரைசல் என்று வரவேண்டிய இடமெல்லாம் ‘தீர்வு’. ‘50 மி.லி. தீர்வை எடுத்துக்கொள்ளவும்’ என்று படித்த பிள்ளை எதை எடுக்கும்? மின்தடைக்கு ‘எதிர்ப்பு’, குவியத் தொலைவுக்கு ‘குவிய நீளம்’. மலையாளப் பக்கம் ஒழுங்காக ‘லாயனி’, ‘பிரதிரோதம்’ என்று இருக்கிறது. வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளைகள் விளவங்கோடு பக்கத்து வகுப்புகளில் எப்போதும் நாலைந்து பேர் இருப்பார்கள். அவர்களை வைத்துத் தமிழ்ப் பக்கத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. வேடிக்கைதான், ஆனால் தேர்வுத்தாளில் ‘எதிர்ப்பு’ என்று எழுதினால் வேடிக்கையாக இருக்காது.

காலை முதல் இரண்டு பாடவேளை கணக்கு. பெட்டிக்குள் ஜியாமெட்ரி சாமான்கள் தனி டப்பியில் இருக்கின்றன. பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8, ஆக 16 மதிப்பெண் கையிலிருக்கும் கருவியை நம்பி நிற்கிறது. அதனால் கவராயத்தைச் சோதிக்காமல் வாங்கக் கூடாது. சோதனை எளிது. 5 செ.மீ. ஆரத்தில் வட்டம் போடுங்கள். கவராயத்தைக் கூட்டாமல் குறைக்காமல் அதே அகலத்தில் வட்டத்தின் மேல் ஆறு வெட்டு வெட்டிக்கொண்டே வாருங்கள். ஆறாவது வெட்டு தொடங்கிய புள்ளியிலேயே விழ வேண்டும். கால் அரை மில்லிமீட்டர் நழுவியிருந்தாலும் கடைசியில் மூன்றரை மில்லிமீட்டர் தள்ளி விழும், கண்ணுக்கே தெரியும். இந்தப் பெட்டியின் கவராயம் முதல் முறை தேறியது. நாலாவது வட்டத்திலிருந்து கழுத்து தளர்ந்துபோய்த் தேறவில்லை. கழுத்தில் இருப்பது திருகு அல்ல, அடித்த ரிவெட். இறுக்க வழியே இல்லை. திருகு வைத்த கவராயம் தனியாக வாங்கினால் ஸ்க்ரூடிரைவர் முனையால் கால் சுற்று இறுக்கிவிடலாம்.

தொடுகோட்டுக் கணக்குக்கு இன்னொரு உரைகல் உண்டு. 3 செ.மீ. ஆர வட்டம், மையத்திலிருந்து 5 செ.மீ. தள்ளி ஒரு புள்ளி. அங்கிருந்து வரையும் தொடுகோடு சரியாக 4 செ.மீ. இருக்க வேண்டும். 3, 4, 5 என்பதால் தசமத் தொல்லை இல்லை. இந்தக் கவராயத்தில் வந்தவை 3.8, 4.1, 4.2. பிள்ளைகள் மேல் குற்றமில்லை.

பாகைமானி நன்றாகவே இருந்தது. கவராயத்தால் 60 பாகை வரைந்து அதன் மேல் வைத்தால் கோடு கோட்டின் மேல் உட்கார்ந்தது. மையத் துளைக்கும் அடிக்கோட்டுக்கும் இடைவெளி இல்லாமல் அச்சடித்திருக்கிறார்கள். விலை மலிந்த பாகைமானிகளில் இதுதான் முதலில் பிசகும்.

கிராஃப் தாள் இருபது கொடுத்திருக்கிறார்கள். ஸ்கேலை வைத்தால் 10 செ.மீ. என்று அச்சிட்டது 9.7 இருக்கிறது. ஜெராக்ஸ் எடுத்து எடுத்துச் சுருங்கிய தாள். கட்டம் எண்ணிப் புள்ளி வைத்தால் பிரச்சினை இல்லை. ஸ்கேலால் அளந்து புள்ளி வைக்கும் பிள்ளைக்கு இருபடி வளைவரை ஒரு பக்கம் சரிந்து நிற்கும், ஏனென்றும் புரியாது. நல்ல தாள் கடையில் தனியாகவே கிடைக்கும். பெட்டியிலிருந்ததை ரஃப் வேலைக்கு ஒதுக்கிவிட்டோம்.

அடுத்த இரண்டு பாடவேளை இயற்பியல். பெட்டியின் மானம் போனது இங்கேதான்.

குவிலென்சு ஒன்று, விட்டம் 5 செ.மீ., உறையில் ‘20 செ.மீ.’ என்று ஸ்டிக்கர். ஜன்னல் வழியே தென்னை மரத்தைச் சுவரில் விழவைத்துப் பார்த்தால் 20 தான். லென்சில் பழுது இல்லை. கூடவே கொடுத்திருக்கும் ஒளியியல் பலகையின் நீளமோ 60 செ.மீ.! பொருளுக்கும் திரைக்கும் நடுவே உள்ள தூரம் குவியத் தொலைவைப் போல் நாலு மடங்காவது இல்லாமல் மெய்பிம்பம் திரையில் விழாது. 20 செ.மீ. லென்சுக்கு அது 80 செ.மீ. ஆக, இந்தப் பலகையில் இந்த லென்சை எங்கே நகர்த்தினாலும் தெளிவான பிம்பம் கிடைக்கவே கிடைக்காது. செய்தவர் ஒருமுறை கூடச் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை என்று அர்த்தம். ஐந்து குழுவும் பத்து நிமிடம் மங்கலான வெளிச்சத்தை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்தன.

கைவைத்தியம் இரண்டு. இரண்டு டெஸ்க்கை நீளவாக்கில் சேர்த்துப் போட்டு, தையற்காரர் டேப்பை மேலே ஒட்டிவிட்டால் பலகையே வேண்டாம். பொருள் 30 செ.மீ.யில் இருந்தால் திரை 60-லும், 40-ல் இருந்தால் 40-லும் கிடைக்கும். அல்லது 10 செ.மீ. லென்சு தனியாக வாங்கிவிடுங்கள். பொருள் 15-ல், பிம்பம் 30-ல்; 20-க்கு 20; 30-க்கு 15; எல்லாம் 60-க்குள் அடங்கும். மெழுகுவத்தியை விட்டுவிடுங்கள். மின்விசிறி ஓடினால் சுடர் நிற்காது, நிறுத்தினால் ஐப்பசியிலும் புழுங்கும். டார்ச் முகத்தில் கறுப்பு அட்டை ஒட்டி, அதில் ‘ட’ என்று வெட்டி எடுத்தால் போதும். தலைகீழாவதும் இடவலம் மாறுவதும் ஒரே எழுத்தில் தெரிந்துவிடும். சுடரில் இடவலம் தெரியாது.

மின்தடை எண் சோதனைக்கு ஒரு மீட்டர் உலோகக்கலவைக் கம்பி, ‘கான்ஸ்டன்டன், 26 கேஜ்’ என்று சீட்டு. 26 கேஜ் கம்பியின் விட்டம் 0.457 மி.மீ. இருக்க வேண்டும். திருகு அளவியில் (ஸ்க்ரூ கேஜ்) 0.38 வந்தது, அது 28 கேஜ். பெரிய வித்தியாசமா என்று கேட்கலாம். விட்டம் இருமடிப் பெருக்கமாக வருகிறது என்பதுதான் சிக்கல். 50 செ.மீ. கம்பிக்கு மின்தடை 2.2 ஓம் கிடைத்தது. சீட்டை நம்பி 0.457 போட்டுக் கணக்கிட்டவர்களுக்கு 7.2 × 10⁻⁷ ஓம் மீட்டர். அளந்த 0.38-ஐப் போட்டவர்களுக்கு 5 × 10⁻⁷. கான்ஸ்டன்டனின் மதிப்பு 4.9 × 10⁻⁷ அளவில் இருக்கும். முதல் குழு வாய்ப்பாட்டில் தவறு தேடி அரைமணி நேரம் போக்கியது. வாய்ப்பாட்டில் ஒன்றுமில்லை, சீட்டில்தான். திருகு அளவி பெட்டியில் இல்லாததால் வீட்டில் செய்கிற பிள்ளைக்கு இது கடைசிவரை பிடிபடாது. ஆகவே எந்தக் கம்பி வாங்கினாலும் பள்ளியில் கொண்டுபோய் அளந்து, விட்டத்தை நீங்களே சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள். அளவியின் சுழிப்பிழையையும் பாருங்கள்; 0.02 மி.மீ. பிசகினாலே இந்தக் கம்பியின் பரப்பு பத்து சதவீதத்துக்கு மேல் மாறிவிடும்.

இணைப்பில் வரும் வழக்கமான கோளாறுகள்: அம்மீட்டர் முள் பின்னால் போனால் முனை மாறியிருக்கிறது. வோல்ட்மீட்டரைத் தொடரில் போட்டுவிட்டால் அம்மீட்டர் அசையவே அசையாது. முள் குதித்தால் முதலைக் கிளிப்பில் துரு. இந்தக் கடலோர மாவட்டக் காற்றில் பேட்டரி டப்பியின் ஸ்பிரிங் ஒரு மழைக்காலத்தைத் தாண்டுவதில்லை. உப்புத்தாளால் தேய்த்துவிட்டுத் தொடங்குங்கள். மின்தடையே 2.2 ஓம்தான் என்பதால், துரு சேர்க்கும் 0.3 ஓம் கூட 14 சதவீதப் பிழையாக நிற்கும். சாவியை அளவெடுக்கும் நேரம் மட்டும் மூடுங்கள். தொடர்ந்து மூடி வைத்தால் கம்பி சுடும், பேட்டரி இறங்கும், மூன்றாவது அளவு முதல் அளவோடு ஒத்துப்போகாது.

திருப்புத்திறனுக்குக் கொடுத்திருப்பது நடுவில் கீல் வைத்து மடக்கும் பிளாஸ்டிக் மீட்டர் ஸ்கேல். நூலில் தொங்கவிட்டதும் கீலில் தொய்ந்தது. “சாரே, இது நிக்கல்ல” என்று முதல் பெஞ்சிலிருந்து குரல். நிற்காதுதான். ஸ்கேலின் ஈர்ப்பு மையம் 50-ல் இல்லை, அரை சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. ஸ்கேல் எடை 80 கிராம் என்றால் 80 × 0.5, அதாவது 40 கிராம் செ.மீ. திருப்புத்திறன் சும்மாவே ஒரு பக்கம் ஏறி உட்கார்ந்துகொள்ளும். 50 கிராமை 20 செ.மீ.யில் தொங்கவிட்டால் வருவது 1,000. அதில் 4 சதவீதம் இங்கேயே போயிற்று. மடங்காத மரஸ்கேல் எடுத்து, எடை எதுவும் மாட்டாமல் தானாகக் கிடைமட்டமாக நிற்கும் இடத்துக்கு நூலை நகர்த்துங்கள். தூரங்களை அந்த நூலிலிருந்து அளக்க வேண்டும். சுழியிலிருந்து அளப்பதுதான் பிள்ளைகள் செய்யும் முதல் தவறு, 50-ஐக் குருட்டுத்தனமாக நம்புவது இரண்டாவது. பெட்டியின் 50 கிராம் எடைக்கல்லை நகைக்கடைத் தராசில் வைத்தால் 48.6 காட்டியது. அதையும் சீட்டில் எழுதி ஒட்டியாயிற்று.

சாப்பாட்டுக்குப் பின் வேதியியல். இதில் பெட்டி பரவாயில்லை. வெப்பமானி நன்றாக இருக்கிறது. 50 மி.லி. நீரில் 5 கிராம் அம்மோனியம் குளோரைடு போட்டுக் கலக்கினால் ஐந்தாறு டிகிரி இறங்கும். அதே அளவு நீரில் 2 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு போட்டால் பத்து டிகிரியை ஒட்டி ஏறும். கையால் முகவையைத் தொட்டாலே தெரிகிற வித்தியாசம். இரண்டும் எதிர்பார்த்தபடி வந்தன.

சோடியம் ஹைட்ராக்சைடை அடைத்திருக்கும் விதம்தான் மன்னிக்க முடியாதது. வெறும் பாலித்தீன் பாக்கெட். காற்றில் ஈரத்தை இழுத்துத் தானே கரைகிற பொருள் அது. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் துலாவர்ஷம் என்கிற வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே கொட்டும் ஊரில் இரண்டு வாரத்தில் பாக்கெட்டுக்குள் கொழகொழவென்று ஆகி, ஓரம் கசிந்து, பக்கத்தில் இருந்த பஞ்சையும் தின்றிருந்தது. தோலைப் பொசுக்குகிற காரம். கண்ணாடியோ கையுறையோ பெட்டியில் இல்லை. வாங்கிய அன்றே இறுக்கமான மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றுங்கள். கண்ணாடிக் குப்பியில் கண்ணாடி மூடி வேண்டாம், ஒட்டிக்கொண்டு திறக்காது. நீரில்தான் வில்லையைப் போட வேண்டும், வில்லை மேல் நீரை ஊற்றக் கூடாது. கையில் பட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் நிறுத்தாமல் கழுவுங்கள். இந்த ஒரு பொருளை வீட்டில் பிள்ளை தனியாகத் தொடவே வேண்டாம்.

கரைதிறன் சோதனையில் 100 மி.லி. நீரில் முதலில் 25 கிராம், பிறகு 11, கடைசியாக 1 என்று உப்பைச் சேர்ப்போம். அறை வெப்பநிலையில் 36 கிராம் வரை கரையும், கடைசி ஒரு கிராம் அடியில் தங்கும். மொத்தம் 37 கிராம் வேண்டும். பெட்டியில் கொடுத்திருக்கும் பாக்கெட் 30 கிராம்! சமையல் உப்பைச் சேர்க்கலாமென்றால், அதில் கட்டிப்படாமலிருக்கக் கலக்கும் பொருளால் கரைசல் கலங்கும். கரையாத உப்பா கலங்கலா என்று பிள்ளை குழம்பும். கல்லுப்பைக் கழுவிக் காயவைத்துப் பொடித்துக்கொள்வது மேல்.

மயில்துத்தம் சூடாக்குவதற்கு வந்த சோதனைக்குழாய்கள் சாதாரணக் கண்ணாடி. எட்டில் இரண்டு சாராய விளக்கிலேயே விரிசல் விட்டன. போரோசிலிகேட் என்று குழாய் மேலேயே அச்சிட்டிருந்தால் மட்டும் அனலில் காட்டுங்கள். குழாயின் வாய் சற்றே கீழ்நோக்கி இருக்க வேண்டும். மயில்துத்தத்தின் எடையில் 36 சதவீதம் நீர்; அது ஆவியாகி வாய்ப்பக்கம் துளித்து, சூடான அடிக்கு ஓடி வந்தால் நல்ல குழாய் கூட உடையும். நீலம் போய் வெண்மை வந்ததும் எடுத்துவிடுங்கள். ஆறிய பிறகு இரண்டு சொட்டு நீர் விட்டால் நீலம் திரும்பும், குழாய் லேசாகச் சுடவும் செய்யும். அந்தச் சூட்டைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், சற்றுமுன் படித்த வெப்பஉமிழ்வு அங்கே கைக்கு வரும்.

அமிலமா காரமா சோதனையில் நிறங்காட்டியாகப் பினாப்தலீன் மட்டும் இருக்கிறது, மெத்தில் ஆரஞ்சுக் குப்பி காலி. வரும் வழியிலேயே கசிந்திருக்கிறது. பினாப்தலீனை மட்டும் நம்பினால் வெறும் நீரும் நிறமற்றதாகவே இருக்கும், பிள்ளை ‘அமிலம்’ என்று எழுதிவிடும். லிட்மஸ் தாள் அல்லது ஒரு சிட்டிகை சோடியம் கார்பனேட் சேர்த்துப் பாருங்கள். நுரை பொங்கினால்தான் அமிலம். மாதிரிக்கு எலுமிச்சைச் சாறு, புளித்தண்ணீர், சோப்புத்தண்ணீர் போதும். ரப்பர் பால் உறையவைக்கும் ஃபார்மிக் அமிலம் இந்தப் பக்கம் தோட்டம் வைத்திருக்கிற வீட்டில் எல்லாம் கேனில் இருக்கும். ‘வீட்டில் ஆசிட் இருக்கு’ என்று பிள்ளைகள் குப்பியில் கொண்டுவருவார்கள். வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள்.

உயிரியலை வேகமாகக் கடக்கலாம். தயாரித்த ஸ்லைடு ஐந்து கொடுத்து, நுண்ணோக்கி கொடுக்கவில்லை. கைலென்சு ஒன்று இருக்கிறது. மக்காச்சோளத் தண்டை மெல்லிசாகக் குறுக்கே சீவினால் சிதறிய புள்ளிகள் அதிலேயே தெரியும். சூரியகாந்தித் தண்டில் வளையமாகத் தெரியும். ஒளிச்சேர்க்கைக்கான புனலின் வாய் 7.5 செ.மீ., கூட வந்த 100 மி.லி. முகவையின் அகலம் 5 செ.மீ. புனல் உள்ளே போகாது. 500 மி.லி. முகவை வேண்டும். குளத்து வேலம்பாசியை நறுக்கிய முனை மேலே இருக்கும்படி புனலுக்குள் வைத்து, நீரில் ஒரு சிட்டிகை சோடா உப்பு போட்டு, காலை மணியடித்ததுமே வெயிலில் வைத்துவிடுங்கள். உயிரியல் பாடவேளையில் தொடங்கினால் குமிழி சேர நேரம் போதாது. மூடாக்கு போட்ட நாளில் வைக்கவே வேண்டாம்.

கடைசிப் பாடவேளைக்கு, உயரம் கணக்கிட உதவும் ஏற்றக்கோணமானி. உறிஞ்சுகுழல், பாகைமானி அட்டை, நூல், ஒரு நட்டு. பெட்டியிலேயே மலிவான பொருள், அதிகம் உழைத்ததும் இதுதான். கொடிக்கம்பத்திலிருந்து 10 மீட்டர் தள்ளி நின்று 35 பாகை என்றால், டேன் 35 என்பது 0.70, ஆக 7 மீட்டர். அதோடு பார்ப்பவரின் கண் உயரம் 1.4 சேர்த்து 8.4. கண் உயரத்தை விட்டுவிட்டவர்கள் வகுப்பில் பாதிப்பேர். ஒரு பாகை பிசகினால் 26 செ.மீ. மாறும் என்பதால் மூவர் பார்த்துச் சராசரி எடுப்பது நல்லது. காற்றடித்தால் நூல் ஆடும். நட்டுக்குப் பதில் கனமான பெரிய போல்ட்டைக் கட்டுங்கள்.

ஆக இந்த 1,850-க்குள் உருப்படியானவை: பாகைமானி, வெப்பமானி, 20 செ.மீ. லென்சு, அம்மீட்டர், வோல்ட்மீட்டர், ஏற்றக்கோணமானி, அம்மோனியம் குளோரைடு, மயில்துத்தம். மீட்டர்கள் இரண்டும் சுழியில் சரியாக நின்றன என்பதால்தான் பெட்டியை முற்றிலும் தள்ளவில்லை. வீட்டில் ஒரே பிள்ளைக்காக வாங்குகிறவருக்கு இது வேண்டாம். திருகு வைத்த கவராயமும் நல்ல கிராஃப் தாளும் போதும், மற்றது பள்ளி ஆய்வகத்தில் நடக்கட்டும். டியூஷன் நடத்துகிறவர்கள், ஆய்வகம் ஒடுங்கிப்போன சிறு பள்ளிகள் வாங்கலாம், 10 செ.மீ. லென்சும் மரஸ்கேலும் 500 மி.லி. முகவையும் தனியாகச் சேர்க்கும் எண்ணமிருந்தால். கடைக்காரரிடம் பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். மெத்தில் ஆரஞ்சுக் குப்பியைக் குலுக்கிப் பாருங்கள், பாலித்தீன் பாக்கெட்டில் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பில் கட்டாயம் வாங்குங்கள். எல்லை தாண்டி வாங்கியதை இந்தப் பக்கத்துக் கடையில் மாற்றித் தரமாட்டார்கள், பில் இல்லாவிட்டால் அந்தப் பக்கத்திலும் மாற்றித் தரமாட்டார்கள்.